மௌன முறை

உமையாள் அன்று மதுரையில் தன் வீட்டில், ஒரே சாப்பாட்டு நேரத்தில் மூன்று முறை என் அம்மாவை நலம் விசாரித்தாள்.

முதல் முறை, "அம்மா போய் நாலு வருஷமாச்சேடி" என்றேன். முகம் வெளிறி, கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். கால் மணி நேரம் கழித்து ரசம் ஊற்றிக்கொண்டே, "அம்மாவுக்கு முட்டிவலி எப்படியிருக்கு அரசி?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடி அழுதாள், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவள் போல. மூன்றாம் முறை மோர் ஊற்றும்போது கேட்டாள். "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை என் வீட்டிலேயே தங்கி அடுப்படியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் நாச்சியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. உமையாள் உள்ளே போனதும் தணிந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு வாரமா இப்படித்தான். போன திங்கட்கிழமை என் க்ளினிக்குக்கு வந்து, டோக்கன் வாங்கிக்கிட்டு, மத்த பேஷண்டுகளோட வரிசையில உட்கார்ந்திருக்கா. கூப்பிட்டா, 'எனக்குப் பல் வலியெல்லாம் இல்லையே, எதுக்கு வந்தேன்'ங்கறா. சிரிச்சு மழுப்பிட்டேன். நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்களும் கூட வாங்க. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை."

நாச்சியப்பன் மதுரையில் முப்பது வருடமாகப் பல் வைத்தியர். பதற்றப்படாத மனிதர். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைவிட இன்னொன்று உறுத்தியது. உமையாளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவளை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரியாது.

*

நானும் உமையாளும் 2026-இல் கோயம்புத்தூரில் ஒரே பொறியியல் கல்லூரி, ஒரே விடுதி அறை. அவள் தேவகோட்டை. நான் அம்பாசமுத்திரம். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்தி நின்றவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. யாரோ "சாவி, சாவி" என்று கத்த, விடுதிக் காப்பாளர் தன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அது சரியா தப்பா என்றெல்லாம் தெரியாது. மூச்சு முட்டுகிறதே என்று செய்தேன்.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி "எனக்கு என்ன ஆச்சு" என்பதல்ல.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். "நான் மட்டும்தான்" என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அவள் என் ஆள்.

அந்த நாலு வருடத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் தூரத்தில் மருதமலை தெரியும். மழை பிடித்தால் சிறுவாணித் தண்ணீர் குழாயில் சிலுசிலுவென்று வரும். சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியில் காளான் வறுவல், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம். என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அவளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. பின்னால் உட்காரவே பயப்படுவாள், நடுவழியில் வலிப்பு வந்தால் விழுந்துவிடுவோமே என்று. ஒரு நாள் என் துப்பட்டாவால் எங்கள் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். "விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுவோம். வா." அவிநாசி சாலையில் அவள் கத்திச் சிரித்துக்கொண்டு வந்தாள், ஏதோ விமானத்தில் போவதுபோல.

படிப்பில் அவள்தான் முதல். ஆனால் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். நான் மூளை மின்னலைகளை ஆராயும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். யாருக்காகச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

2039-இல் எங்கள் குழு அந்தக் கருவியைச் செய்து முடித்தது. அரிசி அளவு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் வைத்துவிட்டால் போதும். "அணை" என்று பெயர் வைத்தோம்.

"எப்படிடி வேலை செய்யும்?" என்றாள் உமையாள்.

"மூளைக்குள்ள வலிப்பு ஒரு பொறி மாதிரிக் கிளம்பும். அது பத்திப் பரவறதுக்குள்ள அணை அதைப் பிடிச்சு, எதிர்த் துடிப்பு கொடுத்து அணைச்சுடும். கண்ணை மூடித் திறக்கற நேரம்கூட ஆகாது. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"விழவே மாட்டேனா?"

"விழ மாட்டே. ஆனா ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் கையில கட்டியிருக்கற பட்டை துடிக்கும். போன்லயும் பதிவாகும். நீயும் டாக்டரும் பார்த்துக்கலாம்."

முதன்முதலில் அதைப் பொருத்திக்கொண்ட ஏழு பேரில் அவளும் ஒருத்தி. அதன் பிறகு அவள் விழவில்லை. முப்பத்தோரு வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வருடம் நாச்சியப்பன் ஜாதகம் வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடத்திலும் அவள் அப்பா உண்மையைச் சொல்லியிருந்தார். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். நாச்சியப்பனை அவளுக்குப் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என்னைத் தேடி வந்தாள்.

"இந்தப் பட்டை துடிக்கக் கூடாது அரசி. போன்லயும் எதுவும் வரக் கூடாது."

"அவர்கிட்டச் சொல்லிடேன்டி. நல்ல மனுஷனாத் தெரியறார்."

"நல்ல மனுஷன்தான். அதனாலதான் பயமா இருக்கு. மத்தவங்க போனப்ப எனக்கு ஒண்ணுமில்லை. இவர் போனா தாங்க மாட்டேன்."

நான் என்ன செய்ய? மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, நாற்பது வரி நிரல் எழுதினேன். கருவி தன் வேலையைச் செய்யும், யாரிடமும் சொல்லாது. பதிவு கருவிக்குள்ளேயே இருக்கும், எங்கள் ஆய்வகத்தில் திறந்தால்தான் தெரியும். "மௌன முறை" என்று பெயரிட்டேன். அவளுக்காக மட்டும் எழுதியது. எங்கள் தலைவர் தீனதயாளன் அதை ஒரு சோதனையின்போது பார்த்துவிட்டார். ஒரே வருடத்தில் விற்கிற எல்லாக் கருவியிலும் அதுவே வழக்கமான முறை ஆயிற்று. "உங்களுக்கே தெரியாது" என்று விளம்பரம் வந்தது. மூன்று லட்சம் பேர் பொருத்திக்கொண்டார்கள். வேலைக்குப் போனார்கள், வண்டி ஓட்டினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். நாங்கள் செய்தது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

உமையாள் வருடத்துக்கு ஒரு முறை என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக் கோயம்புத்தூர் வருவாள். பேட்டரியைச் சரிபார்ப்பேன். "விழுந்தியா?" என்பேன். "இல்லை" என்பாள். பிறகு காளான் சாப்பிடப் போவோம்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹசீனா என்ற நரம்பியல் நிபுணர் பார்த்தார். எங்களைவிடப் பத்து வயது சிறியவர், நிதானமாகப் பேசுபவர். இரத்தத்தில் உப்பு குறைந்திருப்பதைக் கண்டதும் அவர் புருவம் சுருங்கியது.

"இவங்களுக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்லவே இல்ல டாக்டர்" என்றார் நாச்சியப்பன். "பத்தொம்பது வருஷமாக் கூட இருக்கேன்."

நான் தரையைப் பார்த்தேன். உமையாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டும் பயனில்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டதற்கே அன்று காலை அவள் தேவகோட்டை என்று சொல்லியிருந்தாள்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். தலையிலோ உடம்பிலோ உலோகம் பொருத்தப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு நேரே நாச்சியப்பன் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சக்கர நாற்காலியை நகர்த்தத் தொடங்கினார்கள்.

இருபது வருடமாகக் காத்த வாக்கு. அந்தக் காந்தத்துக்குள் எங்கள் பழைய மாடல் கருவி போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நிறுத்துங்க" என்றேன். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அவ தலைக்குள்ள ஒரு கருவி இருக்கு. நான்தான் வச்சேன்."

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காதுக்குப் பின்னால் இருப்பது சின்ன வயதில் விழுந்த தழும்பு இல்லை என்பதையும் சொன்னேன். கடைசியில் மட்டும் அவர் கேட்டார்.

"எப்பருந்து?"

"சின்ன வயசுல இருந்தே வலிப்பு. கருவி, உங்க கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாலருந்து."

எழுந்துபோய் நர்ஸிடம் படிவத்தைத் திரும்ப வாங்கினார். "இல்லை" என்பதை அடித்து "ஆம்" என்று எழுதி, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து தருவித்த படிப்பானை அவள் காதோரம் வைத்து, கருவியின் பதிவைத் திரையில் திறந்தேன். இருபது வருடத்துக்கும் மாதம் இரண்டு, மூன்று என்று புள்ளிகள். அவளுடைய பழைய வலிப்பு. இந்த வருடம் ஆனி மாதம் வரை அப்படித்தான். பிறகு ஒரு நாளைக்கு மூன்று. ஒன்பது. நாற்பது. அறுபது. எழுபத்துநாலு நாளில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு முறை அணை அணைத்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டர் ஹசீனா திரையை நெருங்கிப் பார்த்தார்.

"இது அவங்களோட பழைய வலிப்பு இல்லை. புதுசு. அலை வேற மாதிரி இருக்கு பாருங்க. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, திசை மாறி மூளையையே அடிக்குது. உள்ள அழற்சி. ரத்தப் பரிசோதனை வந்ததும் உறுதியாச் சொல்றேன், ஆனா எனக்குச் சந்தேகமில்லை."

"அதுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் நாச்சியப்பன்.

"இந்த வகையில மூளை கொடுக்கற முதல் சத்தமே அதுதான் சார். ஒரு பக்கத்துக் கையும் வாய் ஓரமும் ரெண்டு செகண்ட் வெட்டி இழுக்கும். ஒரு நாளைக்கு அம்பது தடவைகூட வரும். ஞாபகம் குழம்பறது அதுக்குச் சில வாரம் கழிச்சுத்தான். அந்தச் சில வாரம்தான் எங்களுக்குக் கிடைக்கற அவகாசம். அப்பவே மருந்து கொடுத்தா பெரும்பாலும் ஞாபகத்தைக் காப்பாத்திடலாம்."

"எங்க கருவி அந்த அவகாசத்தை மறைச்சிடுச்சு" என்றேன்.

"உங்க கருவி ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கும்மா" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. "சத்தத்தைத்தான் அது நிறுத்தும். நெருப்பை நிறுத்தாது."

நாச்சியப்பன் திடீரென்று கேட்டார். "வாய்னு சொன்னீங்களே டாக்டர். எந்தப் பக்கம்?"

"இவங்களுக்கு இடது பக்கமா இருக்கணும். கருவி நிறுத்தினதுல லேசா ஒரு துடிப்பு மட்டும் மிச்சம் இருந்திருக்கலாம்."

அவர் தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினார். "இடது உதட்டு ஓரம். சட்டுனு ஏறி இறங்கும். ரெண்டு மாசமாப் பார்க்கறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கறான்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வயசுல இவளுக்கு என்ன திடீர்னு இவ்வளவு பிரியம்னு... நானும் ஒவ்வொரு தடவையும் பதிலுக்குச் சிரிச்சேன் டாக்டர். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியலை."



*

அன்றே மருந்து தொடங்கினார்கள். ஸ்டீராய்டு ஊசி, பிறகு இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்பச் செலுத்தினார்கள். ஐந்து வாரம். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையிலேயே தங்கினேன். நானும் நாச்சியப்பனும் மாறி மாறிக் காவல் இருந்தோம். அவர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தினமும் எனக்கும் சேர்த்துத்தான் இட்லி வாங்கி வந்தார்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் உமையாள் கண் திறந்து, என்னைத் தெளிவாகப் பார்த்தாள். பல வாரமாக இல்லாத தெளிவு.

"அரசி, என்னடி இது, இப்படி நரைச்சுப் போயிருக்கே?"

நான் அழுதுவிட்டேன். பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அழற்சி அணைந்துவிட்டது, ஆனால் அது எரித்ததை எரித்துவிட்டது. முப்பது வயது வரைக்கும் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது, தெள்ளத் தெளிவாக. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அணை பொருத்தியது, ஸ்கூட்டர் ஓட்டியது, கல்யாணம், மதுரை, எதுவும். வலிப்பு இல்லாமல் வாழ்ந்த இருபது வருடம் அப்படியே போய்விட்டது.

"அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடு" என்றாள் இரண்டாம் நாள். அவள் அப்பா இறந்து பதினோரு வருடம். டாக்டர் ஹசீனாவைக் கேட்டேன். "சொல்லுங்க. சொன்னது நிக்குதான்னு பார்க்கணும்" என்றார். சொன்னேன். நாள் முழுக்க அழுதாள். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும், "அப்பா கடைசியில கஷ்டப்பட்டாங்களாடி?" என்று கேட்டாள். டாக்டர் என் தோளை அழுத்தினார். அவள் மூளை புதிதாக வாங்கி வைத்துக்கொண்ட முதல் செய்தி அது. குணமாகிவிட்டாள் என்பதற்கு அத்தாட்சி அதுதான்.

நாச்சியப்பனைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டாள். டாக்டர் விளக்கிச் சொன்னார்: உங்களுக்கு ஐம்பத்தொரு வயது, இவர் உங்கள் கணவர். கல்யாணப் படத்தைக் காட்டினோம். அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல இருக்கறது நான்தான். ஆனா எனக்கு இது நடக்கலையே" என்றாள். பிறகு என் காதில், "நான் உன்கூட வந்துடறேன்டி. முன்னப்பின்னத் தெரியாதவர் வீட்டுல எப்படி இருக்கறது?"

அது அவர் காதிலும் விழுந்தது. "அதுதான் சரி" என்றார். "அவ பயப்படக் கூடாது. நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துக்கறேன். விருந்தாளி மாதிரி."

*

கோயம்புத்தூரில் என் வீட்டில் நான் தனி ஆள். உமையாள் வந்ததும் வீடே விடுதி அறையாகிவிட்டது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள், பேராசிரியர்களின் பட்டப்பெயர்கள், பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் பார்த்த சினிமா, எல்லாம் அவளுக்கு ஏதோ போன வருடம் நடந்தவை போல. எனக்கு மறந்துபோனதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். பழைய கல்லூரி வாசலுக்குக் கூட்டிப்போனேன். தள்ளுவண்டி நின்ற இடத்தில் இப்போது வாகனங்களுக்கு மின்னேற்றும் நிலையம். "ஐயோ, நம்ம காளான் அண்ணன் எங்கடி?" என்று நடுரோட்டில் நின்று கேட்டாள். இருவரும் சிரித்தோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருந்தது: என் விடுதி அறைத் தோழி திரும்ப வந்திருந்தாள். அந்த மகிழ்ச்சிக்கு இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன். பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். நாச்சியப்பன் பழப் பையோடு நிற்பார். கூடத்தில் உட்கார்ந்து, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று தன் மனைவியைக் கேட்பார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு சண்டை நடந்தது. பழைய வலிப்பு எப்படியும் போகட்டும், ஒருவருக்குப் புதுவகை வலிப்பு தொடங்கினால் மட்டுமாவது கருவி அவரிடம் சொல்ல வேண்டும் என்றேன். மூன்று லட்சம் பேரின் பதிவுகளையும் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும் என்றேன்.

தீனதயாளன் கெட்டவர் அல்ல. அவர் தம்பியின் தலையிலும் அணை இருக்கிறது. "அவங்க நம்மகிட்ட வந்து வாங்கினதே அமைதியைத்தான் முத்தரசி" என்றார். "கருவி வாயைத் திறந்தா எத்தனை பேருக்கு வேலை போகும், எத்தனை வீட்டுல ரகசியம் உடையும், யோசிச்சியா?"

"ஒரு வீட்டுல உடைஞ்சதைப் பார்த்துட்டுத்தான் வர்றேன் சார். அந்த வீடு உடைஞ்சது ரகசியம் வெளிய வந்ததால இல்லை, கருவி வாயைத் திறக்காததால. நீங்க செய்யலைன்னா, அந்த நாற்பது வரியை எழுதினவ நான்னு வெளியில நானே சொல்லிடுவேன்."

ஒரு மாதம் இழுத்து, சம்மதித்தார்கள். ஊர் ஊராகப் படிப்பான்களை அனுப்பிப் பதிவுகளைத் திறந்ததில் பதினொரு பேரிடம் உமையாளின் அதே அலை. ஏழு பேருக்குக் காலம் கடந்திருந்தது. அவர்களில் இருவரை ஏற்கெனவே முதுமை மறதி என்று சொல்லி இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். நாலு பேருக்கு அவகாசம் இருந்தது; உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். அவர்களில் ஒருவர் தர்மபுரியில் பேருந்து ஓட்டும் பவளக்கொடி. இரண்டு மாதம் கழித்து என்னை அழைத்தார்.

"நீங்கதான் அந்த மெசேஜ் அனுப்பின மேடமா? எனக்கு மருந்து ஏத்திட்டாங்க. ஞாபகம் எல்லாம் நல்லா இருக்கு. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. பதினாறு வருஷ சர்வீஸ். இப்ப டிப்போல சீட்டு எழுதறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நன்றியா, சாபமா என்று தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

*

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை. நாச்சியப்பன் வந்திருந்தார். அதற்குள் உமையாள் அவரோடு தயக்கமில்லாமல் பேசத் தொடங்கியிருந்தாள். பல் வைத்தியத்துக்கு வரும் குழந்தைகளைப் பற்றி அவர் சொல்லும் கதைகளுக்காகக் காத்திருப்பாள். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீயும் இரு. இவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்கு மனசு கேக்கலை."

அவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலருந்தே வலிப்பு நோய் உண்டு. இந்த மூளை அழற்சிக்கு முன்னாலருந்தே. இவ கருவி வச்சிருக்கறதால இப்ப வெளியில தெரியறதில்லை. அவ்வளவுதான்."

நான் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று அவர் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

"சொல்லு" என்றார். வாங்க, போங்க என்பதை அன்றுதான் விட்டார். "முதல்லருந்து சொல்லு."

சொன்னாள். எட்டு வயதில் பள்ளிப் பிரார்த்தனையில் விழுந்தது, தோழிகளின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அவளுடன் சேராதே என்றது, விழுந்து எழுந்தபின் நாக்கில் இருக்கும் இரத்தச் சுவை, பாவாடை நனைந்திருக்குமோ என்று முதலில் அதைத் தடவிப் பார்ப்பது. என்னிடம்கூடச் சொல்லாத சிலவற்றைச் சொன்னாள். நடுநடுவே அவர் சின்னச் சின்னதாகக் கேட்டார். வருவதற்கு முன் தெரியுமா? விழும்போது வலிக்குமா? எழுந்ததும் யார் முகத்தைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும்? ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் அவள் கேட்டாள்: "இதெல்லாம் தெரிஞ்சும் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு சின்னப் பொய். நான் எத்தனை சொல்லியிருக்கிறேன்.

"இல்லை" என்றார் நாச்சியப்பன். "எனக்குத் தெரியாது. நீ சொல்லலை."

"சொல்லலையா? எத்தனை வருஷமா?"

"பத்தொம்பது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தன்னைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்ப முடியாமல் அவள் முகம் சுருங்கியது. "நானா? அவ்வளவு வருஷமா?" என்றாள். "அப்படின்னா நீங்க என் மேல கோபமாத்தானே இருக்கணும்?"

"இருந்தேன். ஆஸ்பத்திரியில அந்த முதல் வாரம். அப்புறம் யோசிச்சேன். நீ சொல்லியிருந்தா அன்னிக்கு நான் என்ன செஞ்சிருப்பேன்? காபியைக் குடிச்சிட்டு எழுந்து போயிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியலை. முப்பத்தாறு வயசுல நான் அவ்வளவு தைரியசாலி இல்லை." காபி ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் ஒரு வாய் குடித்தார். "தெரியாமத்தான் கட்டிக்கிட்டேன் உமையாள். தெரிஞ்சப்புறம்தான் வாராவாரம் ரயிலேறி வந்துக்கிட்டிருக்கேன்."

அவள் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். கீழே தெருவில் யாரோ காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"மதுரைக்கு ரயில் எத்தனை மணிக்கு?"

"எனக்கா? மூணே காலுக்கு" என்றார் அவர், எழுந்துகொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்துச் செருப்பைத் தேடியபடி.

"அரசி, என் துணியெல்லாம் எந்த அலமாரியில வச்சே?"

நான்தான் எடுத்து அடுக்கிக் கொடுத்தேன். அவள் மடிப்பது எப்போதும் கோணல்மாணலாக இருக்கும். ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, பயணச்சீட்டு, மருந்து டப்பா, தண்ணீர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். வண்டி நகரும்போது அவர் ஏதோ சொல்ல, அவள் முகம் முழுக்கச் சிரித்தாள். நான் நடைமேடையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போக அவசரமில்லை.